வேண்டாத விருந்தாளி: ஹாலிஃபாக்ஸிலிருந்து மலையேறிய டெலஸ்கோப்

வாடகை வீடு மாறினவங்களுக்கு இந்த அனுபவம் கண்டிப்பா இருக்கும். பழைய வீட்டில் சத்தமில்லாமல் ஓடின வாஷிங் மெஷின், புது வீட்டில் கிடுகிடுன்னு ஆடும். ஃப்ரிட்ஜ் கதவு சுவர்ல இடிக்கும். பீரோ மாடிப்படி திரும்பாது. பொருள்ல ஒரு குறையும் இல்ல. அது பழைய இடத்தோட அளவுக்குப் பழகிடுச்சு, அவ்வளவுதான்.

இன்னிக்கு அப்படி வீடு மாறின ஒரு பொருளைப் பத்திப் பேசப் போறோம். அது ஒரு டெலஸ்கோப். அதோட கண்ணாடி மட்டுமே 36 அங்குல அகலம், அதாவது மூணு அடி. 1895-ல் இங்கிலாந்திலிருந்து கலிபோர்னியாவில் ஒரு மலை உச்சிக்குப் போனது. அதை உருவாக்கினவர் தொழில்முறை வானியலாளர் இல்லை, கழிவுநீர்க் குழாய் சம்பந்தப்பட்ட பொறியாளர். அதை அனுப்பி வெச்சவர் கார்ப்பெட் மில் முதலாளி. அது போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு இயக்குநரோட வேலை போக அதுவும் ஒரு காரணம். அடுத்து வந்த இயக்குநர் அதே கருவியை வெச்சு, இரண்டே வருஷத்தில், பிரபஞ்சத்தைப் பத்தின நம்ம கணக்கையே மாத்தினார். அதுக்கப்புறம் 42 வயசில் இறந்தும் போனார்.

கதையை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

ஈலிங்கில் ஒரு தோட்டம்

லண்டனுக்கு மேற்கே ஈலிங் என்ற ஊர். அங்கே ஆண்ட்ரூ எய்ன்ஸ்லி காமன் என்பவர் வசித்தார். பிறந்தது 1841-ல். பகலில் சுகாதாரப் பொறியியல் வேலை, ராத்திரி வானம். அந்தக் காலத்து பிரிட்டனில் இது அபூர்வம் இல்லை. பெரிய பெரிய டெலஸ்கோப்புகள் பலவும் அரசாங்கத்திடம் இல்லாமல், காசும் ஆர்வமும் இருந்த தனிமனிதர்களின் தோட்டங்களில்தான் நின்றன.

காமன் முதலில் 18 அங்குலக் கண்ணாடியுடன் ஒரு டெலஸ்கோப் வைத்திருந்தார். அது போதவில்லை. 1879-ல் 36 அங்குலத்துக்குத் தாவினார். கண்ணாடியைச் செய்து கொடுத்தவர் ஜார்ஜ் கால்வர். அதைத் தாங்கும் அமைப்பை வடிவமைத்தவர் காமன்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். டெலஸ்கோப்பில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, முன்பக்கம் பெரிய லென்ஸ் வைத்து ஒளியைக் குவிப்பது. இன்னொன்று, அடியில் குழிவான கண்ணாடி வைத்து ஒளியைத் திருப்பிக் குவிப்பது. காமனுடையது இரண்டாவது வகை. கண்ணாடியின் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு இருக்கும். வெள்ளிக் கொலுசு கருத்துப்போவது போல அதுவும் கருக்கும், திரும்பத் திரும்பப் பூச வேண்டும். அதனாலேயே அன்றைய தொழில்முறை வானியலாளர்கள் பலருக்குக் கண்ணாடி டெலஸ்கோப் மேல் பெரிய மரியாதை கிடையாது. நல்ல லென்ஸ்தான் கௌரவம், கண்ணாடியெல்லாம் பொழுதுபோக்குக்காரர்கள் சமாச்சாரம் என்ற எண்ணம்.

இவ்வளவு கனமான கருவி நட்சத்திரங்களைத் தொடர்ந்து மெதுவாகத் திரும்ப வேண்டும். அதற்குக் காமன் செய்தது ஒரு பொறியாளருக்கே தோன்றக்கூடிய வேலை. சுழலும் அச்சை உள்ளே வெற்றிடமாகச் செய்து, பாதரசத்தில் மிதக்க விட்டார். எடையைப் பாதரசம் தாங்கியது, உராய்வு குறைந்தது.

1883 ஜனவரி 30 அன்று இந்த டெலஸ்கோப்பில் ஒரு போட்டோ பிளேட்டை வைத்து, ஓரியன் நெபுலாவை 37 நிமிடம் படம் பிடித்தார். அந்தப் படத்தில் ஒரு விசேஷம். அதே டெலஸ்கோப் வழியாகக் கண்ணால் பார்த்தால் தெரியாத நட்சத்திரங்கள் பிளேட்டில் தெரிந்தன. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நம்ம கண் ஒளியைச் சேமிச்சு வைக்காது. ஒரு மணி நேரம் முறைச்சுப் பார்த்தாலும் முதல் சில நொடியில் தெரிஞ்சதுதான் தெரியும். பிளேட் அப்படியில்ல, உண்டியல் மாதிரி. சொட்டுச் சொட்டா விழுற ஒளியைச் சேர்த்துக்கிட்டே போகும். இந்தப் படத்துக்காக 1884-ல் ராயல் அஸ்ட்ரனாமிக்கல் சொசைட்டி காமனுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

அடுத்த வருஷமே அந்த டெலஸ்கோப்பை விற்றுவிட்டார். அவருக்கு இப்போது ஐந்து அடிக் கண்ணாடி வேண்டும்! கேமரா, பைக் என்று அலையும் நண்பர் ஒருத்தர் உங்களுக்கும் இருப்பார், அந்த ரகம்தான்.

ஹாலிஃபாக்ஸ் புகை

வாங்கியவர் எட்வர்ட் கிராஸ்லி. யார்க்‌ஷயர் மாவட்டத்தின் ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் கார்ப்பெட் தயாரித்த புகழ்பெற்ற குடும்பம். 1885-லிருந்து 1892 வரை நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். பணக்கார வீட்டு அலங்காரத்துக்காக வாங்கினார் என்று நினைக்க வேண்டாம். அவருக்குச் சொந்தமாக ஒரு வானாய்வகம் இருந்தது, ஜோசஃப் கிளெட்ஹில் என்ற உதவியாளர் இருந்தார். இரட்டை நட்சத்திரங்கள் பற்றி 1879-ல் வந்த ஒரு முக்கியமான கையேட்டின் ஆசிரியர்களில் இவர்கள் இருவரும் உண்டு.

காமனின் டெலஸ்கோப்புக்கு ஹாலிஃபாக்ஸில் ஒரு இரும்பு டோம் எழும்பியது. எல்லாம் தயார். ஒன்றுதான் சரியில்லை. வானம்.

ஹாலிஃபாக்ஸ் ஒரு மில் ஊர். நீராவி இயந்திரம் ஓட நிலக்கரி எரிக்க வேண்டும். எரித்தால் புகை. கிராஸ்லி குடும்பத்தின் செல்வமே அந்தப் புகைபோக்கிகளிலிருந்து வந்ததுதான். டெலஸ்கோப் வாங்கக் காசு கொடுத்த தொழிலே அந்த டெலஸ்கோப் பார்க்க வேண்டிய வானத்தையும் மறைத்தது. போதாக்குறைக்கு இங்கிலாந்தின் மேகமும் மழையும். பத்து வருஷம் அந்தப் பெரிய கருவி பெரும்பாலும் சும்மாவே நின்றது.

இதே சமயத்தில் கலிபோர்னியாவில் ஹாமில்டன் மலை உச்சியில், சுமார் 4,200 அடி உயரத்தில், லிக் வானாய்வகம் நடந்துகொண்டிருந்தது. ஜேம்ஸ் லிக் என்ற கோடீஸ்வரரின் பணத்தில் கட்டியது. 1888-ல் அது திறந்தபோது அங்கிருந்த 36 அங்குல லென்ஸ் டெலஸ்கோப்தான் உலகத்திலேயே பெரியது. அதன் தூணுக்கு அடியில்தான் லிக்கைப் புதைத்திருக்கிறார்கள். வானம் படு சுத்தம்.

அதன் இயக்குநர் எட்வர்ட் ஹோல்டன், கிராஸ்லியின் டெலஸ்கோப் மேல் கண் வைத்தார். 1895-ல் கிராஸ்லி அதை டோமோடு சேர்த்துப் பரிசாகவே கொடுக்க ஒப்புக்கொண்டார். கொண்டுபோகும் செலவுக்குக் கலிபோர்னியாவில் நன்கொடை திரட்டினார்கள்.

பிரிப்பதும் சேர்ப்பதும்

1895-ல் இப்படி ஒரு பொருளை இடம் மாற்றுவது என்றால் என்ன? முதலில் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். டோமின் இரும்புத் துண்டுகள், கம்பிச் சட்டமாக இருந்த திறந்த குழாய், அச்சு, கடிகார இயந்திரம். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கண்ணாடி. இரும்பு வளைந்தால் நிமிர்த்தலாம், கண்ணாடி விரிசல் விட்டால் கதை முடிந்தது. அட்லாண்டிக் கடலைத் தாண்டி, அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு வந்து, கடைசியாக மலை.

அந்த மலைப் பாதைக்கும் ஒரு கதை உண்டு. வானாய்வகம் கட்டுவதற்காகவே 1876-ல் போட்ட பாதை அது. பாரம் ஏற்றிய குதிரை வண்டி ஏற வேண்டும் என்பதால் செங்குத்தாகப் போகாமல், மலையைச் சுற்றிச் சுற்றி வளைந்து வளைந்து போகும். நம்ம கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் போனவர்களுக்கு அந்த உணர்வு புரியும்.

மேலே கொண்டுவந்து சேர்த்தாச்சு. இப்போதுதான் வாஷிங் மெஷின் ஆட ஆரம்பிக்கிறது.

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்வது போலத் தெரிகின்றன. அவற்றைத் தொடர வேண்டுமானால் டெலஸ்கோப்பின் முக்கிய அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக, துருவ நட்சத்திரம் இருக்கும் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வு ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து சுமார் 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்தே போகும். ஹாலிஃபாக்ஸில் கிட்டத்தட்ட 54 டிகிரி. ஹாமில்டன் மலையில் 37. அதாவது இங்கிலாந்துக்காக வார்த்துச் செய்த ஒரு கனமான இரும்பு அமைப்பை, சுமார் 16 டிகிரி படுக்க வைத்தால்தான் அது கலிபோர்னியாவில் வேலை செய்யும். நாற்காலியைச் சாய்ப்பது போல் இல்லை இது. எடை தாங்கும் இடம் மாறுகிறது, சமநிலை மாறுகிறது, குழாய் டோமுக்குள் நகரும் இடம் மாறுகிறது.

கருவி நின்றது. ஆனால் ஒழுங்காக இயங்கவில்லை.

"எனக்கு வேண்டாம்"

ஹோல்டன் ராணுவக் கல்லூரியில் படித்தவர். வானாய்வகத்தையும் ஏறக்குறைய படைமுகாம் மாதிரியே நடத்தினார். மலை உச்சியில் சின்னக் கூட்டம், பக்கத்தில் வேறு ஊர் இல்லை, பனிக்காலத்தில் வெளி உலகத்தோடு தொடர்பு குறைவு. அங்கே ஒரு கண்டிப்பான மேலதிகாரி. எப்படி இருந்திருக்கும்? பர்ன்ஹாம் 1892-ல் கிளம்பிவிட்டார். வியாழனின் ஐந்தாவது நிலவைக் கண்டுபிடித்த பார்னார்டு 1895-ல் கிளம்பிவிட்டார்.

இந்த நிலையில் வந்து சேர்ந்த கிராஸ்லி டெலஸ்கோப்பில் வேலை செய்யும் பொறுப்பை வில்லியம் ஹஸ்ஸி என்ற வானியலாளரிடம் ஹோல்டன் கொடுத்தார். ஹஸ்ஸிக்கு அதில் துளியும் விருப்பமில்லை. கருவி சரியில்லை என்றார். மற்றவர்களும் அவர் பக்கம் நின்றார்கள். சண்டை பல்கலைக்கழக நிர்வாகம் வரை போனது. ஏற்கெனவே சேர்ந்திருந்த கசப்பெல்லாம் இந்த டெலஸ்கோப்பைச் சுற்றித் திரண்டது. 1897-ல் ஹோல்டன் பதவியை விட்டார்.

ஹஸ்ஸியை இந்தக் கதையின் வில்லனாக ஆக்குவது ரொம்பச் சுலபம். அது நியாயம் இல்லை. அவர் சோம்பேறி கிடையாது. பிறகு லென்ஸ் டெலஸ்கோப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டை நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தவர். தவிர, அவர் சொன்னதும் உண்மைதான். கருவி நிஜமாகவே தொந்தரவு பிடித்தது. பக்கத்திலேயே உலகத்தரமான லென்ஸ் டெலஸ்கோப் இருக்கும்போது, இன்னொருத்தரின் பழைய டெலஸ்கோப்பைச் சரிசெய்து வருஷங்களை வீணாக்க யாருக்குத்தான் ஆசை வரும்? நம்ம ஆபீஸ்லயும் பழைய கோடு, பழைய மெஷின் எதையாவது "நீங்க பாத்துக்கோங்க"ன்னு தலையில கட்டினா எப்படி இருக்கும்?

ஹோல்டனும் முழு முட்டாள் இல்லை. மனிதர்களைக் கையாள அவருக்குத் தெரியவில்லை. ஆனால் நல்ல வானத்தின் கீழ் பெரிய கண்ணாடி என்ன செய்யும் என்ற அவருடைய ஊகம் சரி. அது நிரூபணமானபோது அவர் அங்கே இல்லை.

கீலர் வந்தார்

1898-ல் புதிய இயக்குநராக ஜேம்ஸ் கீலர் வந்தார். லிக்குக்குப் புதியவர் இல்லை, 1891 வரை அங்கே வேலை செய்தவர்தான். நடுவில் பிட்ஸ்பர்க் பக்கம் அலெகேனி வானாய்வகத்தில் இருந்தார். அங்கே 1895-ல் ஒரு பெரிய காரியம் செய்திருந்தார். சனியின் வளையம் ஒரே திடமான தட்டு இல்லை, தனித்தனியாகச் சுற்றும் எண்ணற்ற துகள்கள் என்பதை ஒளியின் நிறமாலையை வைத்துக் காட்டினார். வளையத்தின் உள்பக்கம் வேகமாகவும் வெளிப்பக்கம் மெதுவாகவும் சுற்றியது. ஒரே தட்டாக இருந்தால் இது நேர்மாறாக இருக்கும்.

அப்படிப்பட்டவர் இயக்குநராக வந்தால், உலகப் புகழ் பெற்ற லென்ஸ் டெலஸ்கோப்பைத் தனக்கு எடுத்துக்கொள்வார் என்றுதானே எதிர்பார்ப்போம்? அவருடைய சிறப்புத் துறையான நிறமாலை ஆய்வுக்கும் அதுதான் பொருத்தம். கீலர் அதை வில்லியம் கேம்ப்பெல் என்ற இளைய சகாவிடமே விட்டுவிட்டார். தனக்கு எடுத்துக்கொண்டது யாருக்கும் வேண்டாத கிராஸ்லியை.

யாருக்கும் உத்தரவு போடவில்லை. சண்டைக்குக் காரணமான பொருளைத் தானே எடுத்துக்கொண்டார். நல்ல தலைமைப் பண்புன்னு இதைப் பத்தி ஒரு தனி எபிசோடே போடலாம்.

பிறகு ஒவ்வொரு குறையாகத் தேட ஆரம்பித்தார். டெலஸ்கோப் நின்ற தூணின் உயரம் சரியில்லை, அதை வெட்டிக் குறைத்தார்கள். அச்சைத் துல்லியமாகத் துருவத்தை நோக்கித் திருப்பினார்கள். கருவியைத் திருப்பும் கடிகார இயந்திரத்தைச் சீர்செய்தார்கள். ஹாரல்ட் பால்மர் என்ற இளைஞர் உதவிக்கு இருந்தார். எதுவும் பெரிய கண்டுபிடிப்பு இல்லை, எல்லாம் மெக்கானிக் வேலை. ஒரு குறையைச் சரிசெய்தால்தான் அதன் பின்னால் ஒளிந்திருந்த அடுத்த குறை தெரியும். நாலஞ்சு மாசம் அப்படியே போனது.

என்ன செய்தாலும் கடிகார இயந்திரம் மணிக்கணக்கில் பிசகாமல் ஓடாது. அதற்குக் காமன் ஏற்கெனவே ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். மொத்த டெலஸ்கோப்பையும் திருத்த முயலாமல், போட்டோ பிளேட் வைத்திருக்கும் சின்னச் சட்டத்தை மட்டும் இரண்டு திசையில் நகர்த்தும் ஏற்பாடு. படத்தின் ஓரத்தில் ஒரு நட்சத்திரத்தைச் சின்ன ஐபீஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது குறுக்குக் கோட்டிலிருந்து முடியளவு விலகினால் திருகைத் திருப்பி இழுத்துப் பிடிக்க வேண்டும். எவ்வளவு நேரம்? சில படங்களுக்கு நாலு மணி நேரம். மலை உச்சிக் குளிரில், இருட்டில், டெலஸ்கோப்பின் மேல் முனை அருகே நின்றபடி. தும்மல் வந்தாலும் அடக்க வேண்டியதுதான்!

ஒரு லட்சத்து இருபதாயிரம்

படங்கள் வர ஆரம்பித்தன. ஓரியன். வளைய நெபுலா. 1899 மே மாதம் எம்51 என்ற சுழல் நெபுலா. கண்ணாடி டெலஸ்கோப்பின் பலம் அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. லிக்கின் பெரிய லென்ஸுக்கும் அகலம் அதே 36 அங்குலம்தான். ஆனால் அதன் குவிய நீளம் ஐம்பது அடிக்கும் மேல், கிராஸ்லிக்கோ பதினேழரை அடி. குறைந்த தூரத்தில் குவிந்ததால் மங்கலான நெபுலாவின் ஒளி பிளேட்டில் செறிவாக விழுந்தது. அத்துடன் லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே புள்ளியில் குவிக்காது. அந்தக் கால பிளேட்டுகள் நீல ஒளிக்குத்தான் அதிகம் பதிலளிக்கும், லிக்கின் லென்ஸோ கண்ணுக்காகச் செய்தது. கண்ணாடிக்கு இந்தத் தொல்லையே இல்லை. நிறம் எதுவானாலும் ஒரே இடத்தில்தான் குவியும்.

கீலர் தேடியது ஏற்கெனவே தெரிந்த நெபுலாக்களை. ஆனால் ஒவ்வொரு பிளேட்டிலும் அவர் தேடாத சின்னச் சின்னத் திட்டுகள் தெரிந்தன. அழுக்கா? பிளேட்டின் குறையா? இல்லை, புதிய நெபுலாக்கள். அவர் எடுத்த பிளேட்டுகளில் அதுவரை யாரும் பதிவு செய்யாத ஏராளமான நெபுலாக்கள் இருந்தன. வானத்தின் சின்னச் சின்ன துண்டுகளில் கிடைத்ததை வைத்து மொத்த வானத்துக்கும் கணக்குப் போட்டார். இந்த டெலஸ்கோப்புக்கு எட்டும் தூரத்தில் குறைந்தது 1,20,000 புதிய நெபுலாக்கள் இருக்கும் என்றார். அவற்றில் பெரும்பாலானவை சுழல் வடிவம்.

அதுவரை சுழல் நெபுலா என்பது ஒரு விநோதம், விதிவிலக்கு. கீலருக்குப் பிறகு அதுதான் வழக்கம்.

அவை என்ன என்பது அவருக்குத் தெரியாது. சூரிய மண்டலம் மாதிரி ஏதோ உருவாகிக்கொண்டிருக்கும் நிலை என்றுதான் அன்று பலரும் நினைத்தார்கள். ஒவ்வொன்றும் நம் பால்வீதி போலத் தனி நட்சத்திரத் தீவு என்பது உறுதியாக இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. அந்த வாதத்தைப் பிடிவாதமாக எடுத்துச் சென்றவர்களில் ஒருவர் ஹீபர் கர்டிஸ். அவர் வருஷக்கணக்காகச் சுழல் நெபுலாக்களைப் படம் பிடித்ததும் இதே கிராஸ்லியில்தான். 1920-ல் வாஷிங்டனில் ஹார்லோ ஷேப்லியுடன் அவர் நடத்திய விவாதம் வானியல் வரலாற்றில் பிரசித்தம்.

பாதியில் நின்றது

1900 ஜூலை கடைசியில் உடம்பு சரியில்லாமல் கீலர் மலையிலிருந்து இறங்கினார். ஆகஸ்ட் 12 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் இறந்தார். பக்கவாதம். மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். அவர் எடுத்த படங்கள் 1908-ல்தான் லிக் வானாய்வகத்தின் எட்டாவது வெளியீட்டுத் தொகுதியாக வந்தன.

டெலஸ்கோப் அடுத்து சார்ல்ஸ் பெரைன் கைக்கு வந்தது. கீலர் காமனின் அமைப்பைத் திருத்தித் திருத்தி ஓட்டினார். பெரைன் துணிந்து அதைத் தூக்கிவிட்டுப் புதிய தாங்கியைக் கட்டினார். 1904-லும் 1905-லும் வியாழனின் இரண்டு புதிய நிலவுகளை இதில் கண்டுபிடித்தார். பிற்காலத்தில் அவற்றுக்கு ஹிமாலியா, எலாரா என்று பெயர் வைத்தார்கள். ஹிமாலியான்னதும் நம்ம இமயமலைன்னு நினைச்சிடாதீங்க, அது கிரேக்கப் புராணத்து தேவதை.

புல்லட் வெச்சிருக்கிற சிலர், "இது எங்க தாத்தா வண்டி"ன்னு பெருமையாச் சொல்வாங்க. எஞ்சின் மாத்தியாச்சு, டேங்க் மாத்தியாச்சு, சக்கரம் மாத்தியாச்சு. அப்போ தாத்தா வண்டி எங்க இருக்கு? கிராஸ்லியும் அப்படித்தான். குழாய், தாங்கி, கடிகாரம் எல்லாம் மாறின பிறகு ஈலிங் தோட்டத்திலிருந்து மிச்சம் வந்தது முக்கியமாக அந்தக் கண்ணாடிதான். பெயரும் காமன் பெயர் இல்லை, கால்வர் பெயர் இல்லை, கீலர் பெயரும் இல்லை. அனுப்பி வைத்தவரின் பெயர்.

1897-ல் யெர்க்ஸ் வானாய்வகத்தில் 40 அங்குல லென்ஸ் டெலஸ்கோப் திறந்தது. ஆய்வுக்காக அதைவிடப் பெரிய லென்ஸ் டெலஸ்கோப்பை அதற்குப் பிறகு யாரும் அமைக்கவில்லை. மவுண்ட் வில்சனில் 1908-ல் 60 அங்குலம், 1917-ல் 100 அங்குலம், எல்லாமே கண்ணாடி. நம்ம வாணியம்பாடி பக்கம் காவலூரில் இருக்கும் 2.3 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப்பும் கண்ணாடிதான். பொழுதுபோக்குக்காரர்களின் பொம்மை என்று ஒதுக்கிய வகைதான் கடைசியில் ஜெயித்தது. அந்த மாற்றத்துக்கு வலுவான சாட்சியம் கொடுத்த இடங்களில் ஒன்று, ஹாமில்டன் மலையில் ஒரு பழைய இரும்பு டோம்.

எனக்கு இந்தக் கதையில் பிடிச்ச இடம் அந்த 1,20,000 இல்ல. அதுக்கு முன்னாடி வந்த நாலஞ்சு மாசம். ஒரே கருவி, ஒரே மலை, ஒரே வானம். ஹஸ்ஸி அதில் பார்த்த குறைகள் எல்லாம் உண்மை. கீலரும் அதே குறைகளைத்தான் பார்த்தார். அவர் அதை ஒரு தீர்ப்பா எடுத்துக்காம, செய்ய வேண்டிய வேலைகளோட பட்டியலா எடுத்துக்கிட்டார்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.